கிதாருக்கும் ஞானஸ்நானமா?

கேள்வி: எண்பதுகளில் ஹெவி மெட்டலில் இயேசுவைப் பாடினார்களே, அது பக்தியா, வியாபாரமா? – வாசகர், கொலன்னாவை

பதில்: பக்திதான், வியாபாரமும் நடந்தது. கலிபோர்னியாவின் ஸ்ட்ரைப்பர் குழு மஞ்சள், கறுப்புக் கோடு போட்ட உடையில் மேடையேறி, கூட்டத்துக்குள் வேதாகமப் பிரதிகளை வீசியது. 1986இல் வந்த அவர்களின் 'டு ஹெல் வித் தி டெவில்' ஆல்பம் அமெரிக்காவில் 10 லட்சத்துக்கு மேல் விற்றது. காசுதான் குறி என்றால், அந்தக் காலத்தில் மதம் பேசாமல் பாடுவதே சுலபமான வழி. சாத்தானின் இசையில் சாமி பாட்டா என்று ஜிம்மி சுவாகர்ட் போன்ற போதகர்கள் சீறினார்கள். இசை வடிவத்துக்கு ஏது மதம்? கோயில் தெய்வங்களையும் அரசர்களையும் பாடிய குறவஞ்சியை எடுத்துத்தான் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி' செய்தார். அவருடைய கீர்த்தனைகளை இன்று தமிழ்த் திருச்சபைகள் தங்கள் சொத்தாகவே பாடுகின்றன. இரைச்சலில் சொல் அமுங்கிவிடுமே என்பீர்கள். ஸ்ட்ரைப்பரின் பாடகர் மைக்கேல் ஸ்வீட்டின் உச்சக் குரலில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகவே விழுகிறது. ஒருமுறை கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.