கீரைக் கட்டின் மேல் தெளிக்கப்படும் தண்ணீர்: சாலைக் கம்போளத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை ஒட்டி நீளும் சாலைக் கம்போளம் என்னும் சந்தை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசன் ஏற்படுத்தியது. அதன் வணிக வரலாறு போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது. மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் பாட்டிலால் கீரைக்காரர் கட்டுகளின் மேல் தண்ணீர் தெளிக்கும் செயலை மட்டும் அறிஞர் உலகம் கண்டுகொள்ளவில்லை.

ஆய்வெல்லை, ஊரார் 'சீரை' என்று சொல்லும் சிவப்புக் கீரையோடு நிற்கிறது: நெய்யாற்றின்கரைப் பக்கத்து விளாத்தாங்கரைச் சீரையும், கேரள வேளாண் பல்கலைக்கழகம் தந்த 'அருண்' ரகமும். கொத்தமல்லிக்குத் தனி நூலே வேண்டும். கறிவேப்பிலை இலவசமாகக் கிடைப்பதால் ஆய்வறம் கருதி விலக்கப்பட்டது.

இப்பொருளில் கருத்து வேறுபாடு உண்டு. எடை கூட்டுவதற்கே தெளிக்கிறார்கள் என்பது ஒரு சாரார் வாதம். கட்டுக் கணக்கில் விற்கும் பொருளுக்கு எடை கூடி யாருக்கு லாபம் என்று அவர்கள் இதுவரை விளக்கவில்லை. மினுக்கிக் காட்டத்தான் என்பது இன்னொரு சாரார் வாதம். கடைக்காரரிடமே கேட்டால், "தெளிக்காட்டா வாடிப்போகும்லா அக்கா" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார். மேற்கோள் ஒன்றும் காட்டாத இந்த வாதம்தான் சரி என்பது ஆய்வுலகுக்குச் சற்றுச் சங்கடமான செய்தி.

காரணம் இலையின் பரப்பில் இருக்கிறது. அங்குள்ள நுண்துளைகள் திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே வரும். திறந்த வழியே நீராவி வெளியே போகும். வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இப்படிக் காற்றோடு போய்விடுகிறது. இதை முதலில் தராசில் பிடித்தவர் இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். தொட்டியில் வளர்ந்த சூரியகாந்தியை அன்றாடம் நிறுத்துப் பார்த்து, பருமனுக்குப் பருமன் அது மனிதனைவிட 17 மடங்கு நீரைக் கடத்துகிறது என்று 1727இல் எழுதினார். அவர் செடிக்கு எடை போட்டதை யாரும் மோசடி என்று சொல்லவில்லை.

அந்த நீர் மேலே ஏறுவது எப்படி? இலையில் ஆவியாகும் நீர், தனக்குக் கீழே அறுபடாமல் தொடரும் நீரிழையை மேல்நோக்கி இழுக்கிறது என்று டப்ளினில் டிக்சன், ஜோலி என்ற அறிவியலாளர்கள் 1890களில் சொன்னார்கள். உயிருள்ள செல்கள் துடித்துத் தள்ளுகின்றன என்று ஜகதீஷ் சந்திர போஸ் 1923இல் ஒரு நூலே எழுதினார். உலகம் டப்ளின் பக்கம் சாய்ந்தது. சாலைக் கம்போளத்தில் இந்த வழக்குக்கே இடமில்லை. கீரையைப் பிடுங்கியாயிற்று, வரத்து நின்றுவிட்டது. செலவு மட்டும் நிற்கவில்லை. செல்களின் விறைப்பு குறைகிறது, தண்டு துவள்கிறது. இத்தனைக்கும் சீரை நெல்லைவிடச் சிக்கனமாக நீரைச் செலவழிக்கும் இனம். சிக்கனக்காரருக்கும் வருமானம் நின்றால் அதே கதிதான்.

தெளித்த தண்ணீரை இலை குடித்துவிடுகிறது என்பது பரவலான நம்பிக்கை. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் உள்ளே போவது சொற்பம். தண்ணீரின் வேலை வெளியில்தான்: அது ஆவியாகும்போது இலை குளிர்கிறது, சுற்றியுள்ள காற்று ஈரமாகிறது, இலையிலிருந்து ஆவி வெளியேறும் வேகம் தணிகிறது. கடலோர ஊரின் ஈரக்காற்றும் கடைக்காரருக்குக் கூலியில்லாமல் உதவுகிறது. பாலக்காட்டுக் கணவாயில் வறண்ட காற்று வீசும் மாதங்களில் இதே கடையைப் போட்டால், பாட்டிலை அடிக்கடி நிரப்ப ஓர் ஆள் வேண்டியிருக்கும்.

வேரோடு வரும் கட்டை வாளித் தண்ணீரில் நிறுத்துவது தெளிப்பதைவிடச் சிறந்த வழி. ஆனால் வாளி இடத்தை அடைக்கும். சாலைக் கம்போளத்தில் கடை போடும் இடத்துக்குத்தான் கீரையைவிட விலை அதிகம்.

எஞ்சியிருப்பது வாங்குபவரின் உதறல். எடைக் கட்சியைச் சேர்ந்த வாடிக்கையாளர் கட்டைத் தூக்கி இரண்டு உதறு உதறுகிறார். இலைமேல் இருந்த ஈரம் போகிறது. இலையை ஒட்டி நின்ற ஈரக்காற்றும் கலைந்து போகிறது. பிறகு, "வாடியிருக்கே" என்று கட்டைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்கிறார். கடைக்காரர் பாட்டிலை எடுக்கிறார். இந்த இரண்டாம் தெளிப்பின் செலவை விலையில் சேர்க்கலாமா என்பது பொருளியல் துறையினர் ஆராய வேண்டியது.