முதற்பிரதிக்கு முச்சை கட்டுதல்

வல்வெட்டித்துறையில் ஒரு புத்தகம் வெளிவரப் போகிறது என்றால் முதலில் அச்சாகி வருவது புத்தகம் அல்ல, அழைப்பிதழ். மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை நாலைந்து, வெளியீட்டுரை, மதிப்பீட்டுரை, ஏற்புரை, நன்றியுரை என்று அது நீளும். எழுதினவருக்குக் கிடைப்பது ஏற்புரை. அதாவது மண்டபம் முழுவதும் வடையின் பக்கம் திரும்பிய பிறகு வருகிற ஐந்து நிமிடம். நடுவிலே வெளியீடு. முதற்பிரதியை ஊரின் வர்த்தகப் பெருமகன் ஒருவர் வாங்குவார். அவர் இல்லாவிட்டால் லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்து நிற்கிற யாராவது அகப்படுவார். பிறகு சிறப்புப் பிரதிகள். ஒலிவாங்கியில் பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக மேடையேறி, சட்டைப் பையிலிருந்து கடித உறையை எடுத்து நீட்டி, புத்தகத்தை வாங்கி, கமெராவுக்கு முகம் காட்டிவிட்டு இறங்குவார்கள். பின்னட்டையில் விலை 600 ரூபா என்றிருக்கும். உறைக்குள் 1,000 இருக்கலாம், 5,000 இருக்கலாம். அது கதையின் தரத்தைப் பொறுத்ததல்ல. அவர் வீட்டுக் கலியாணத்துக்கு எழுத்தாளர் எவ்வளவு வைத்தார் என்பதைப் பொறுத்தது.

இதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வியாபாரமாகப் பார்த்தால் இதைப்போல ஒரு ஏற்பாட்டை எந்தப் பதிப்பகமும் கண்டுபிடிக்கவில்லை. விநியோகத்தருக்குக் கழிவு கொடுக்க வேண்டாம், கடைக்காரரிடம் கணக்குக் கேட்டு மாதக் கணக்கில் அலைய வேண்டாம், விற்காத பிரதி திரும்பி வராது. அடித்த 300 பிரதியின் செலவு, யோகம் இருந்தால், ஒரே பின்னேரத்தில் கைக்கு வந்துவிடும். என் வழக்கு வேறு. அந்த உறைக்குள் காசு வருகிறது, சேதி வருவதில்லை. கொடுத்தவர் புத்தகத்துக்குக் கொடுக்கவில்லை, உறவுக்குக் கொடுத்தார். ஆகவே எழுத்தாளர் வீட்டுக்குப் போய் உறைகளைப் பிரித்து எண்ணி முடித்த பிறகும், தான் எழுதியது நல்லதா கெட்டதா என்பது அவருக்குத் தெரியாது. எழுதுகிற திறமை ஒன்று, விற்கிற திறமை வேறொன்று, முதலாவது புனிதம், இரண்டாவது கொஞ்சம் வெட்கக்கேடு என்றுதான் நாங்கள் பழகியிருக்கிறோம். நான் சொல்ல வருவது, இரண்டும் ஒரே திறமை என்பது. காசோடு சேர்ந்து சேதியும் திரும்பி வருகிற வழியில் விற்றவர்களின் எழுத்து தேறியிருக்கிறது. காசு மட்டும் வந்த இடத்தில் அடுத்த புத்தகத்தில் தேறுவது அட்டைப்படம் மட்டும்தான்.

இந்த ஊருக்கு இது புதுப் பாடமாக இருக்க நியாயமில்லை. பர்மாவுக்கும் இந்தியாவுக்கும் பாய்க்கப்பல் ஓட்டிய ஊர் இது. அரிசியும் ஓடும் தேக்கும் எவ்வளவு வந்தன, புகையிலை எவ்வளவு போனது, கப்பல் தலைவரான தண்டயலுக்கு என்ன பங்கு, கோயிலுக்கு என்ன மகமை என்று கணக்கு வைத்த ஊர். இங்கேயிருந்த மேத்திரிமார் 1930இல் கட்டிய அன்னபூரணி என்ற கப்பலை றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அது 1938இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அத்திலாந்திக் சமுத்திரம் அதனிடம் அணிந்துரை கேட்கவில்லை. தைப்பொங்கலன்று கடற்கரையில் நடக்கிற பட்டப் போட்டியும் அப்படித்தான். மாதக் கணக்காக மூங்கில் சீவி, கடதாசி ஒட்டி, பின்னேரங்களையெல்லாம் அதற்கே கொடுத்துவிட்டு வருவார்கள். ஆனால் பட்டத்தின் சமநிலையைப் பிடிக்கிற முச்சையைக் கட்டுகிற இடத்தில் நூல் ஒரு விரற்கடை கூடினாலோ குறைந்தாலோ, எவ்வளவு அழகான பட்டமும் தலைகீழாகக் குத்தும். "இது பின்நவீனத்துவப் பட்டம், உங்களுக்கு விளங்காது" என்று யாரும் விளக்கம் சொல்வதில்லை. அவிழ்த்துத் திருப்பிக் கட்டுவார்கள். வாடைக்காற்று யாருடைய மைத்துனரும் அல்ல. எங்கள் எழுத்தாளருக்கு இல்லாமற்போனது அந்தக் காற்று ஒன்றுதான், மற்றெல்லாம் இருக்கிறது.

முன்பு இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இதே ஊரில் இயற்றமிழ்ப் போதகாசிரியர் ச. வைத்தியலிங்கம்பிள்ளை சிந்தாமணி நிகண்டை இயற்றினார், பழைய நூல்களைப் பதிப்பித்தார், 'சைவாபிமானி' என்ற இதழை நடத்தினார், பாரதி நிலைய முத்திராட்சரசாலை என்று சொந்தமாக அச்சுக்கூடமும் வைத்திருந்தார். அவருக்கு முன்பே, 1849இல், ஆறுமுக நாவலர் சென்னையிலிருந்து அச்சு யந்திரம் கொண்டுவந்து வண்ணார்பண்ணையில் நிறுவியிருந்தார். புலவர் என்றால் கடைவாய் வெற்றிலையோடு திண்ணையில் இருந்து வெண்பா சொல்கிறவர் என்று நினைக்கிற எங்களுக்கு, இவர்கள் கடதாசி விலையும் மை விலையும் தெரிந்த ஆட்கள் என்பது ஞாபகத்தில் இருப்பதில்லை. எல்லோருக்கும் இலாபம் வந்தது என்று சொல்ல வரவில்லை. சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிவிட்டு, தமக்கு வந்த நட்டத்தைப் பதிப்புரைகளிலேயே ஒளிக்காமல் எழுதினார். நட்டக் கணக்கை நூலின் முகப்பில் வைத்துத் தைத்த பதிப்பாசிரியரை நான் மதிக்கிறேன். இப்போது அந்த இடத்தில் எட்டுப் பக்கத்துக்கு வாழ்த்துரை நிற்கிறது.

கணக்குப் போட்டால் மட்டும் போதாது என்பதற்கும் பெரிய சாட்சி உண்டு. 1920இல் கடையத்திலிருந்து பாரதியார் நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம்முடைய எழுத்துகளை 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடப் போவதாகவும், அவை தீப்பெட்டியைவிட வேகமாக விலைபோகும் என்றும், அதற்கு வட்டியோடு கடன் தரும்படியும் கேட்டார். பெருக்கலில் பிழையே இல்லை, நாலு இலட்சம் பிரதி சரியாக வருகிறது. வாங்குகிற ஆள் மட்டும் அந்தக் கணக்குக்குள் இன்னும் வந்து சேரவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது பாரதியார் இல்லை. மகாகவிக்கே இப்படி என்றால் எங்களுக்கு என்ன என்று ஆறுதல் அடைகிறவர்கள், எங்களுக்கும் அவருக்கும் உள்ள மற்ற வித்தியாசங்களையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சேதியோடு காசு வந்தவர் என்றால் எனக்கு முதலில் தோன்றுகிற பெயர் டொமினிக் ஜீவா. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையத்தில் தொழில் செய்துகொண்டே எழுதி, 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்காக சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கி, 2012 வரை 400 இதழ்களுக்கு மேல் கொண்டுவந்தார். அச்சிட்டதைத் தானே சுமந்து திரிந்து கைக்குக் கை விற்றார். கைக்குக் கை விற்கிறவருக்கு ஒரு சௌகரியம், ஒரு அசௌகரியம்: போன மாதம் வாங்கின ஆள் இந்த மாதமும் எதிர்ப்படுவார். "அந்தக் கதை என்ன ஐசே, பாதியில நிக்குது" என்று தெருவில் வைத்துக் கேட்டால் எங்கே ஒளிவது? அப்படி ஒரு கேள்வி ஒரு மதிப்பீட்டுரையிலும் வந்ததாகக் காணோம். தமிழ்நாட்டில் வை.மு. கோதைநாயகியும் 1925இல் 'ஜகன்மோகினி' இதழைக் கையிலெடுத்து, அதிலேயே தொடராக எழுதி, 115 நாவல்கள் வரை போனார். சந்தா நின்றால் கதை நிற்கும் என்ற நிலையில் எழுதுகிறவருக்கு, எந்த அத்தியாயத்தில் வாசகர் கொட்டாவி விட்டார் என்பது தானாகத் தெரிந்துவிடும். அந்த நாவல்கள் எல்லாம் காவியம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 115 தடவை கதையை முடிக்கப் பழகிய கை அது.

இங்கே ஒருவர் எழும்புவார்: காசைப் பார்த்து எழுதினால் கலை கெட்டுவிடாதா? கெட்ட உதாரணங்கள் உண்டு, மறுக்கவில்லை. மார்க் ட்வைன் அச்செழுத்துக் கோக்கிற இயந்திரம் ஒன்றில் காசைக் கொட்டி, சொந்தப் பதிப்பகமும் 1894இல் முறிந்து, கடனை அடைக்க உலகம் சுற்றிப் பேசப் புறப்பட்டார். அந்தப் பயணத்தில்தான் 1896இல் கொழும்புக்கும் வந்தார். ஆனால் அவரைக் கவிழ்த்தது வாசகருக்கு விற்றது அல்ல, இயந்திரத்தை நம்பியது. கடைசியில் கடனைத் தீர்த்துவைத்ததும் முன்வரிசையில் சிரித்தவர்கள்தான். அந்தோணி ட்ரொலப்பின் கதை இன்னும் நல்லது. தபால் திணைக்களத்தில் வேலை பார்த்தபடி, காலையில் மணிக்கூட்டை முன்னால் வைத்து, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதி 47 நாவல்களை முடித்தவர். அவர் இறந்த பிறகு, 1883இல் வந்த சுயசரிதையில், எழுத்தால் தேடிய மொத்தக் காசை 68,939 பவுண் 17 சிலிங் 5 பென்ஸ் என்று போட்டிருந்தார். அந்த ஐந்து பென்ஸை உலகம் மன்னிக்கவில்லை. அவருடைய மதிப்பு நெடுங்காலம் கீழே கிடந்தது. நாவல்கள் அதே நாவல்கள்தான். கணக்கு கலையைக் கெடுக்கவில்லை, கணக்கு வெளியே தெரிந்தது வாசகரின் மனத்தைக் கெடுத்தது. ஆகவே எழுதிவையுங்கள், அச்சிடாதீர்கள் என்பதுதான் இதிலிருந்து எனக்குத் தெரிகிற தொழில் நுட்பம்.

இன்னொருவர் எழும்புவார்: 300 பிரதி போகிற ஊரில் என்ன வியாபாரம், என்ன சந்தை? நான் திருப்பிக் கேட்பேன், 300 பேர் என்றால் பெயர் சொல்லிக் கூப்பிடலாமே, ட்ரொலப்புக்கு அந்த வசதி இருந்ததா? லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பயணப்பெட்டியில் மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் போகிற பிரதிகளைக்கூட எந்த வீட்டில் இறங்கின என்று விசாரித்து அறியலாம். எழுதுகிற உற்சாகத்தைக் காப்பாற்றவும் இந்தக் கணக்குத்தான் உதவும். பத்தாயிரம் வாசகரைக் கற்பனை செய்தவருக்கு 300 அவமானம். 20 பேர் உண்மையாக வாசித்தார்கள் என்று பெயரோடு அறிந்தவருக்கு 21ஆவது ஆள் கொண்டாட்டம். அரசின் கலாபூஷணம் விருது 60 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான். அதுவரை உற்சாகத்துக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்வது அவரவர் பொறுப்பு.

மிஞ்சியிருக்கிற எதிர்ப்பு ஒன்றுதான் எனக்கும் கொஞ்சம் கனமாகத் தெரிகிறது. ஊருக்குள்ளே உண்மைக் கருத்துக் கேட்பது ஆபத்து. "அண்ணை, உங்கட நாவல் நூறாம் பக்கத்துக்குப் பிறகு இழுக்குது" என்று ஒரு தம்பி சொன்னால், அடுத்த கோயில் திருவிழாவில் இரண்டு குடும்பமும் வேறு வேறு பந்தலில் நிற்கும். அதனால் விழாவை ஒழிக்கச் சொல்லவில்லை. உறைகள் வழக்கம்போல வரட்டும், அச்சகக் கடன் தீரட்டும். மூன்று மாதம் கழித்து இன்னொரு கூட்டம் வைக்கலாம் என்கிறேன். விளக்கில்லை, மாலையில்லை, பொன்னாடையில்லை. வாசித்து முடித்தவர்கள் மட்டும் வந்து, எந்தப் பக்கத்தில் நித்திரை வந்தது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். மண்டபம் தேவைப்படாது, வீட்டு விறாந்தை தாராளம். தேத்தண்ணிக்கும் பெரிய செலவில்லை. ஆள் போதாது என்று தோன்றினால், பக்கம் வடிவமைத்த அச்சகத்துப் பையனையும் கூப்பிடலாம். புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை பார்த்தவர் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவரிடம் இதுவரை யாரும் கருத்துக் கேட்டதில்லை.