கிராமத்து ஆண் மனசு

இளையரசனேந்தல் ஆண்கள் ஒன்றிய அரசுக்கு ஒரு மாலை போட வேண்டும். ராணுவத்துப் பெண் அதிகாரிகள் வழக்கில், படைவீரர்களில் பெரும்பாலோர் கிராமத்தார், பெண்ணின் கட்டளையை ஏற்க அவர்கள் மனசு இன்னும் பக்குவப்படவில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னது அந்த அரசுதான்.

எத்தனை உண்மை! கரிசல் காட்டில் பெண் சொல்லி ஆண் கேட்டதுண்டா? ஆட்டை எந்தச் சந்தையில் விற்பது, களையெடுப்புக்கு எத்தனை ஆள், மகளை எங்கே கட்டிக்கொடுப்பது, எல்லாம் அண்ணாச்சியே முடிவு செய்வார். மதினி உத்தரவு கொடுத்ததும்.

ஹாலிவுட்காரர்களுக்கு இந்த நுட்பம் பிடிபடவில்லை. 1997-இல் ‘ஜி.ஐ. ஜேன்’ எடுத்து, டெமி மூருக்கு மொட்டை போட்டு, கமாண்டோ பயிற்சியில் புரட்டியெடுத்தார்கள். மொட்டைதான் தகுதி என்றால் இருக்கன்குடி போய்வந்த நம்மூர்ப் பாட்டிகளில் ஒரு படைப்பிரிவே தேறும். சென்னைப் பரங்கிமலையிலோ 1992-லேயே பெண்களுக்கு அதிகாரிப் பயிற்சி தொடங்கியாயிற்று, மொட்டையில்லாமல்.

நீதிமன்றமும் நம் மனசை மதிக்கவில்லை. 2020 பிப்ரவரி 17 அன்று பெண்களுக்கு நிரந்தரப் பணியும் தலைமைப் பொறுப்புக்கான வழியும் கொடுத்துவிட்டது. 2025 மே மாதம் தேசியப் பாதுகாப்பு அகாதெமியிலிருந்து முதன்முறையாக 17 பெண்கள் தேறி வந்தார்கள்.

பட்டாளத்துக்குப் போகும் தம்பிகளே, கலங்காதீர்கள். பெண்ணின் கட்டளைக்கு ‘சரி’ சொல்லும் பயிற்சியை நீங்கள் வீட்டிலேயே முடித்துவிட்டீர்கள்.