ரசிகனுக்கும் கைக்காசு கொடுங்கள்

பணிப்பாளர் நாயகம் அவர்கள்,
தேசிய புலமைச் சொத்து அலுவலகம்,
கொழும்பு.

பொருள்: சினிமா ரசிகர்களின் நிலுவைச் சம்பளம்

கனம் ஐயா அல்லது அம்மணி,

ஹப்புத்தளைக்கு ஒரு பாதையும் கொஸ்லாந்தைக்கு ஒரு பாதையுமாகப் பிரிகிற பெரகல சந்தியைச் சுற்றியுள்ள தோட்டங்களின் சினிமா ரசிகர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். நாங்கள் பதிவு செய்யப்பட்ட சங்கம் அல்ல. சந்தா பிடிக்கிற சங்கங்கள் தோட்டத்தில் ஏற்கெனவே போதுமான அளவு இருப்பதால் இன்னொன்று வேண்டாமென்று விட்டுவிட்டோம்.

நாங்கள் செய்வது வேலையா, திருட்டா என்று நீங்கள்தான் தீர்த்துவைக்க வேண்டும். படக் கம்பெனிக்காரர்கள் திங்கட்கிழமை சேவை என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை திருட்டு என்கிறார்கள்.

ஒரு படத்தின் பாட்டு வெளிவந்த அன்றைக்கே, இந்த ஸ்டெப்பை ஆடிப் போடுங்கள், இந்த ஹாஷ்டேக்கைச் சேருங்கள் என்று சென்னையிலிருந்து அறிவிப்பு வருகிறது. ஆடுகிறோம். தேயிலை மலையில் நின்று ஆடினால் பார்க்கிற கூட்டம் கூடுகிறது. மலைக்கும் சம்பளமில்லை, எங்களுக்கும் இல்லை. டிரெய்லரைத் துண்டு துண்டாக வெட்டி, வேறு பாட்டோடு ஒட்டி, விடிய விடிய எடிட் செய்கிறோம். நாயகனின் பிறந்தநாளுக்கு எல்லாரும் முகப்புப் படமாக வைக்கக் காமன் டி.பி. வரைகிறோம். (மாசி மாதக் காமன் கூத்தில் காமன் ஒரு முறைதான் எரிகிறான். நாங்கள் வருடம் முழுவதும்.) இதற்கெல்லாம் போனுக்கு ரீலோட் போடுகிற காசு பெரும்பாலும் அம்மாவின் சம்பளம். 2024இல் 1,350 ரூபாயாக ஏறிய நாட்சம்பளத்தில் ஒரு பங்கு கோடம்பாக்கத்தின் விளம்பரச் செலவுக்குப் போகிறதென்று எந்தப் பட்ஜெட்டிலும் எழுதவில்லை.

கொழுந்து எடுக்கிறவளுக்குக் கிலோ குறைந்தால் அரைநாள் சம்பளமென்று அரைப்பேராவது போடுகிறார்கள். ரசிகனுக்கு அதுவுமில்லை.

ஆனால் எங்கள் வீடியோவில் ஒரு விளம்பரம் ஓடிப் பத்து ரூபாய் விழுகிற அறிகுறி தெரிந்தால் போதும், உடனே எங்களைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். யூடியூப் 2007இல் கொண்டுவந்த கன்டென்ட் ஐடி என்ற ஏற்பாடு, உரிமையாளர் கொடுத்துவைத்த மாதிரியோடு ஒப்பிட்டுப் பாட்டை அடையாளம் காண்கிறது. அதன்பிறகு உரிமையாளர் வீடியோவை மறைக்கலாம், விளம்பரக் காசை எடுத்துக்கொள்ளலாம், அல்லது யார் எவ்வளவு பார்த்தார்கள் என்று கணக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கங்காணி, கணக்குப்பிள்ளை, தொரை மூவரையும் ஒரே மெஷினுக்குள் அடைத்த கெட்டிக்காரர்களை நாங்கள் வேறெங்கும் பார்த்ததில்லை.

உரிமையாளருக்கு உரிமையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2017இல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் அமெரிக்க மேடைகளில் பாடிக்கொண்டிருந்தபோது, அனுமதியில்லாமல் தன் பாட்டுகளைப் பாடக்கூடாதென்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. எங்கள் தோட்டங்களில் அன்றைக்கு இரண்டு கட்சி. மெட்டுப் போட்டவருக்குப் பங்கு வர வேண்டும் என்ற கட்சியில்தான் நான் இருந்தேன், இன்றும் இருக்கிறேன். ஆனாலும் பாலுவுக்கே நோட்டீஸ் என்றால், அதே பாட்டைத் திருவிழாவில் தப்பில் அடித்துப் பதிவேற்றுகிற எங்கள் பொடியன்களுக்கு என்ன வருமென்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

ஆகவே தங்கள் அலுவலகத்துக்குரிய 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் புரட்டினோம். படைத்தவுடன் பதிப்புரிமை தானாக வந்துவிடும், எங்கும் பதிய வேண்டியதில்லை என்கிறது. இந்த மலையில் தானாக வருவது மழையும் அட்டையும் மட்டும்தான் என்றிருந்தோம். இன்னும் புரட்டினால் 24ஆம் பிரிவு. நாட்டார் கலைக்கும் அங்கே காவல் இருக்கிறது! வியாபாரத்துக்காக எடுப்பவர் உரிய அதிகாரியிடம் அனுமதி பெற்றுக் கட்டணம் கட்ட வேண்டுமாம்.

அப்படியானால் ஒப்பாரியையும் தாலாட்டையும் தெம்மாங்கையும் எடுத்து மெட்டாக்கிய சினிமாக்காரர்கள்தான் முதல் ரசிகர்கள். எங்கள் ஆயாக்களின் ரசிகர்கள். அவர்கள் கட்டிய கட்டணத்தின் ரசீது எந்த அலமாரியில் இருக்கிறதென்று தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள். இலங்கைச் சட்டம் பாக்குநீரிணையைத் தாண்டாது என்பீர்கள். கன்டென்ட் ஐடி மட்டும் தாண்டுகிறதே, ஐயா?

2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யைத் தாங்களும் கேட்டிருப்பீர்கள். அதை எழுதி, தீயுடன் சேர்ந்து பாடிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இங்கே தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு தமிழ்நாட்டுக்குப் போனவர். கோடிக்கணக்கான முறை அந்தப் பாட்டைப் பார்த்தார்கள். 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே அது மேடையேறியது. 2024 மார்ச்சில் இசையமைத்த சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்கள் மூவருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். பெயர் பெற்றவர்களுக்கே இந்தக் கதி. அதற்கு மூன்று தட்டுக் கீழே, அந்தப் பாட்டுக்கு லயத்து வாசலில் ஆடியவர்கள் நாங்கள்.

இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது, பென்ஷன் எடுத்த ஒரு பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். “டேய் தம்பி, சம்பளம்னு ஒண்ணு வந்தா கூடவே தொரையும் வருவான்டா. தராசு வரும். ஈரக்கொழுந்துன்னு ரெண்டு கிலோ வெட்டுவான்.” அமேசானைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அமேசானில் நடந்தது அதுதான். 2013இல் கிண்டில் வேர்ல்ட்ஸ் என்று ஒன்றைத் திறந்து, ரசிகர் எழுதும் கதைக்கு, 10,000 சொல்லைத் தாண்டினால் 35 வீதம் தருவதாகச் சொன்னார்கள். எந்தக் கதையுலகில் எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பது அவர்கள் வைத்த சட்டம். ரசிகர் புதிதாக உண்டாக்கும் பாத்திரத்தை மூல உரிமையாளர் மேற்கொண்டு காசு தராமலே எடுத்துக்கொள்ளலாம். 2018இல் கடையை மூடிவிட்டார்கள். ஸ்டார் ட்ரெக் உரிமையாளர்கள் இன்னும் நேரடியானவர்கள். ரசிகர் எடுக்கும் படத்தில் நடிப்பவர் உட்பட யாருக்கும் சம்பளம் கொடுக்கக்கூடாதென்றே 2016இல் விதி எழுதினார்கள். இந்தச் செய்தி எங்கள் தொரைமார் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும்படி தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பெரியம்மா சொன்னதால் கோரிக்கையைத் திருத்திவிட்டோம். எங்களைச் செக்ரோல் என்ற சம்பளப் பதிவில் போட வேண்டாம். ஆசைக்குச் சம்பளம் கேட்கவில்லை. விடிய விடிய வெட்டிய எடிட்டை நாலு பேர்கூடப் பார்க்காவிட்டால் அது எங்கள் பாடு. நாங்கள் கேட்பது கைக்காசு. ஞாயிற்றுக்கிழமைக் கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் கையில் வைப்பார்களே, அதுபோல, எங்கள் வீடியோவில் யாருக்காவது காசு விழுந்தால் எங்களுக்கும் அதில் ஒரு பங்கு. நாங்கள் வரைந்த போஸ்டரைக் கம்பெனி தன் பக்கத்தில் போட்டால் வரைந்தவன் பேரும் கூலியும். ஸ்டெப் ஆடச்சொல்லி அறிவித்தால் அது வேலைக்குக் கூப்பிடுவது. அதற்குப் பரிசாக நாயகனோடு ஒரு செல்பி தருகிறார்கள். கூட்டுறவுக் கடையில் அதை அரிசிக்கு எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

தியேட்டரில் போனைப் பிடித்து முழுப்படத்தையும் ஏற்றுகிறவனுக்கு இதில் பங்கு கேட்கவில்லை. அவன் கொழுந்து பறிப்பவன் அல்ல, செடியைப் பிடுங்குகிறவன்.

எல்லாரும் சம்மதித்தாலும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. யூடியூப் கணக்கில் பத்து டொலர் சேர்ந்ததும், விலாசத்தை உறுதிசெய்ய கூகுள் ஒரு பின் இலக்கத்தைத் தபாலில் அனுப்புகிறது. நான்கு மாதத்துக்குள் அதை அடிக்காவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். லயத்து அறைக்கோ தனி விலாசம் கிடையாது. தபால் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்துவிடுவார்கள், அவர் மறக்காமல் கொண்டுவந்தால் கிடைக்கும். கலிபோர்னியாக்காரனுக்கு இதை விளங்கவைக்க எங்களால் முடியவில்லை. தாங்கள் முயன்று பார்க்கலாம்.

ஆகையால் தங்கள் பதிலைத் தபாலில் போடாமல் வட்ஸ்அப்பில் அனுப்பவும். குரல் பதிவாக அனுப்புவதாயின், ஆபீசில் யாருடைய போனிலும் சினிமாப் பாட்டு ஓடாமல் பார்த்துக்கொள்ளவும். அதற்கும் யாராவது உரிமை கோரிவிடப் போகிறார்கள்.

இப்படிக்கு,
பெரகல சுற்றுவட்டாரத் தோட்டங்களின்
பேர் போடப்படாத ரசிகர்கள்