கருத்துச் சொல்லாத கல்லறை

அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் பேய்களுக்கு இருக்கிற சுதந்திரம் எனக்குக் கிடையாது. நியூஜெர்சியின் நடுவாந்திரத்தில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் டவுன்ஹவுஸ் வரிசை. மாதா மாதம் சந்தா வாங்கிக்கொண்டு எங்களை ஆள்வது குடியிருப்போர் சங்கம். கதவுக்கு என்ன நிறம் அடிக்கலாம், குப்பைத் தொட்டியை எப்போது வெளியே வைக்கலாம், துணி காய்வது யார் கண்ணில் படலாம் என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. பிள்ளைகள் பேய்வேஷம் போட்டு மிட்டாய் வாங்க வருகிற ஹாலோவீன் என்றால் மட்டும் சங்கத்துக்கு மனசு இளகிவிடும். எதிர்வீட்டுக்காரர் பன்னிரண்டடி பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்றை நிறுத்தியிருக்கிறார். அதன் மண்டை சரியாக என் படுக்கையறை ஜன்னலுக்கு வருகிறது. காலையில் திரைச்சீலையை விலக்கினால் முதல் தரிசனம் அதுதான். ஆட்சேபணை இல்லை. நான் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியதற்குத்தான் கடிதம் வந்தது.

பேச்சுரிமை என்ற சங்கதி எனக்கு அறிமுகமானதே ஒரு ஹாலோவீன் ராத்திரியில். வருஷம் 1980. சென்னையிலிருந்து வந்து எடிசனில் ஓர் அபார்ட்மெண்டில் குடியேறியிருந்தோம். எனக்கு எட்டு வயது. அப்பா அதுவரை அரசு உத்தியோகம் பார்த்தவர். எமர்ஜென்சியை ஃபைலுக்குள் தலையை நுழைத்தபடியே கடத்தியவர். 1975 ஜூனில் இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கம் வரவேண்டிய இடத்தை வெள்ளையாக விட்டு அச்சடித்ததே, அதைத் தானே விட்டது மாதிரி சொல்லுவார். அப்போது வாங்கிய துக்ளக் இதழ்களை அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தார். இந்திரா காந்தியின் போலீஸ் வந்தால் புடவையைத் தொடக் கூச்சப்படும் என்பது அவருடைய கணக்கு.

அன்றைக்கு மணியடித்தது. கதவைத் திறந்தால் ஜிம்மி கார்ட்டர் நிற்கிறார். நாலடி உயரம். முகமூடியில் பாதி பல். பின்னாலேயே ரொனால்ட் ரீகன், கையில் தலையணை உறை. தேர்தலுக்கு நாலே நாள் பாக்கி. அப்பா உள்ளே திரும்பி, "இவர்தானேடா இப்ப பிரசிடெண்ட்?" என்றார். ஆமாம் என்றேன். "பதவியில இருக்கிற மனுஷனுக்குப் பல்லு வரைஞ்சு போட்டுக்கிட்டுத் தெருத்தெருவா வர்றானே, யாரும் பிடிக்க மாட்டாங்களா?" வராந்தாவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். ஆள் நடமாட்டம் இல்லை. கார்ட்டருக்கு ஒரு மிட்டாய் அதிகமாகப் போட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். அனுதாபமா, எதற்கும் இருக்கட்டும் என்ற முன்ஜாக்கிரதையா, இன்றுவரை அவர் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் நானும் வேஷம் கட்டியாக வேண்டுமென்று அழுதேன். "வீடு வீடாப் போய்க் கையேந்தறதுக்கா பிளேன் ஏறி வந்தோம்?" என்று அப்பா கேட்டார். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் போகிறார்கள் என்றதும் அம்மா என் பக்கம் கட்சி மாறினாள். கடையில் விற்கிற பிளாஸ்டிக் முகமூடிக்குக் காசு கொடுக்க மனம் வராமல், அப்பாவின் எட்டு முழ வேட்டியை எடுத்துக் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு என்னைப் பேயாக்கினாள். பச்சைக் கரை. கரை பூமியில் புரள்கிறதென்று இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி அப்பாவின் பெல்ட்டைப் போட்டாள். வெளியே குளிர். மேலே கம்பளி ஜாக்கெட், அதற்கும் மேலே மங்கி குல்லா. ஆக, ஜலதோஷம் பிடித்துவிடுமோ என்று பயந்த ஒரே பேய் அந்தப் பேட்டையில் நான்தான். கதவைத் திறந்த அம்மையார்கள் எல்லாரும் நான் யாரென்று கேட்டார்கள். பேய் என்றேன். ஒருவர் தலையசைத்து, "உங்கள் நாட்டுப் பேயா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

1982ல் பயம் நிஜமாகவே வந்தது. சிகாகோ பக்கத்தில் டைலனால் மாத்திரைக்குள் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் செத்துப்போயிருந்தார்கள். ஹாலோவீனுக்கு ஒரு மாதந்தான் இருந்தது. சில ஊர்களில் பிள்ளைகள் வீடு வீடாகப் போவதற்கே தடை. ஆப்பிளுக்குள் பிளேடு வைப்பார்கள், சாக்லேட்டில் ஊசி செருகுவார்கள் என்று டீவியில் விடாமல் சொன்னார்கள். அம்மா என் பையைப் பிடுங்கி, சூப்பர்மார்க்கெட் நோட்டீஸ் மேல் கொட்டினாள். பிறகு சூட்கேசில் பழைய போர்வை சுற்றிக் கொண்டுவந்திருந்த அருவாமனையை எடுத்து, காலை மடக்கி உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்னிக்கர்ஸாக நாலு துண்டு போட்டாள். உள்ளே பிளேடு இருக்கிறதா என்று பார்க்க. வேர்க்கடலை நசுங்கி, கேரமல் இழுபட்டு அருவாமனையில் ஒட்டிக்கொண்டது. முந்தின நாள் நறுக்கிய வெண்டைக்காய் வாசம் எல்லாத் துண்டிலும் ஏறியிருந்தது. அன்றைக்கு என் விரலில் காயம் பட்டது உண்மை. எங்கள் வீட்டு அருவாமனையால்.

ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் பல பத்தாண்டுச் செய்திகளைத் துருவிப் பார்த்தவர். முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் எந்தக் குழந்தையும் செத்ததாக உறுதியான சான்று அவருக்குக் கிடைக்கவில்லை. 1974ல் டெக்சாஸில் விஷ மிட்டாயால் ஒரு சிறுவன் இறந்தது நிஜம். கொடுத்தது பெற்ற அப்பன், காப்பீட்டுப் பணத்துக்காக. இதையெல்லாம் வளர்ந்த பிறகு அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். "நான் நறுக்கிப் பார்த்ததாலதான் ஒண்ணும் ஆகலை" என்றாள். சமூகவியலில் இதற்குப் பதில் கிடையாது.

1984 ஹாலோவீனை மட்டும் வேடிக்கையாகச் சொல்ல வரவில்லை. அக்டோபர் 31 காலையில் எழுந்தபோதே டீவியில் இந்திரா காந்தியின் படம், சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்ற செய்தி. எமர்ஜென்சி நாளிலிருந்து அவரைத் திட்டாமல் அப்பா காபி குடித்ததில்லை. அன்றைக்கு டீவிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. சாயங்காலம் தெரிந்த குடும்பங்கள் நாலைந்து வந்து சேர்ந்தன. எல்லாருமாக மௌனமாக இருக்கும்போது மணியடிக்கும். திறந்தால் சட்டையெல்லாம் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு பையன்கள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே மிட்டாய் போட்டார். ஒரு குட்டி எலும்புக்கூடு, "ஏன் அழுகிறீர்கள்?" என்று கேட்டது. "எங்க ஊர்ப் பிரதம மந்திரி" என்றார். அதற்குமேல் வாக்கியம் வரவில்லை.

அந்தப் பரம்பரையில் வந்தவன் நான். எனக்கு எல்லாவற்றிலும் திடமான அபிப்பிராயம் உண்டு. அவற்றைக் குளிக்கும்போது சொல்லுவேன்.

ஹாலோவீன் நெருங்கினால் குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு குரோவர்ஸ் மில்லுக்குப் போவது என் வழக்கம். வெஸ்ட் விண்ட்சருக்குள் இருக்கிற சின்ன இடம். 1938 அக்டோபர் 30 ராத்திரி, 23 வயது ஆர்சன் வெல்ஸ் சிபிஎஸ் வானொலியில், செவ்வாய்க் கிரகத்தார் வந்து இறங்கிவிட்டார்கள் என்று செய்தி வாசிக்கிற பாணியில் நாடகம் போட்டார். இறங்கிய இடம் குரோவர்ஸ் மில். தேசமே அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடியதாக மறுநாள் பத்திரிகைகள் எழுதின. ஓடியவர்களைவிட எழுதியவர்கள்தான் அதிகம் என்று பிற்பாடு ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். வானொலிக்கு விளம்பரம் போகிற வயிற்றெரிச்சல் பத்திரிகைகளுக்கு. 1988ல் அங்கே ஒரு பூங்காவில் நினைவுச் சின்னம் வைத்தார்கள். இன்றைக்குச் செவ்வாய்க்காரன் அங்கே இறங்கினால் நாலு மைலுக்குள் இட்லி மாவு கிடைக்கும்.

அந்தச் சின்னத்தின் முன்னால் நின்று என் மகளுக்குப் பிரசங்கம் செய்தேன். 1938லும் எஃப்சிசி என்கிற தகவல்தொடர்பு ஆணையத்துக்குப் புகார் குவிந்தது. விசாரித்தார்கள், யாரையும் தண்டிக்கவில்லை. 2025 செப்டம்பரில் ராத்திரி நேரக் காமெடியன் ஜிம்மி கிம்மல் டீவியில் சொன்ன ஒன்றுக்கு அதே ஆணையத்தின் தலைவர் கண்ணை உருட்டினார்; ஏபிசி நிகழ்ச்சியையே நிறுத்திவைத்து, ஒரு வாரத்துக்குள் மறுபடி தொடங்கியது. எண்பத்தேழு வருஷத்தில் நாம் எங்கே வந்திருக்கிறோம் பார் என்று கையை வீசினேன். மகள் சுற்றுமுற்றும் பார்த்து, "அப்பா, கொஞ்சம் மெதுவா" என்றாள்.

இவ்வளவு ஆவேசத்தோடு வீடு திரும்பியவன், இந்த வருஷம் வாசலில் ஒரு கல்லறையாவது வைத்துக் கருத்துச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். இதற்கு முன்னுதாரணம் உண்டு. சிகாகோவுக்குப் பக்கத்தில் புளூமிங்டேல் என்ற ஊரில் ஒருவர் தன் மெகா சைஸ் கேம்பர் வண்டியை வீட்டு முன்னால் நிறுத்த, அக்கம்பக்கத்தார் அதற்கு எதிராக மனுக் கொடுத்தார்கள். மனுஷன் 2002 ஹாலோவீனுக்கு அவர்கள் ஒவ்வொருவரும் செத்துப்போன மாதிரி கவிதை எழுதிக் கல்லறைகளை நட்டுவிட்டார். போலீஸ் வந்து எடுக்கச் சொன்னது. வழக்கு ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2008ல் தீர்ப்பு: கல்லறைக் கவிதையும் பேச்சுரிமைதான், ஆனால் போலீஸ்காரர் நஷ்டஈடு தரவேண்டியதில்லை. எனக்கு இந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடிக்கும். இரண்டு பேரும் ஜெயித்து, வக்கீலுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள்.

தெர்மகோல் பலகை வாங்கிச் சாம்பல் பெயிண்ட் அடித்தேன். வலதுபக்க வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் இலை ஊதும் இயந்திரத்தை முடுக்குவார். 'இலை ஊதியே உயிர் விட்டார். இனி ஊத ஆளில்லை' என்ற கருத்தில் ஒரு நாலு வரி யோசித்திருந்தேன். மனைவி படித்துப் பார்த்தாள். "பனி கொட்டினா நம்ம டிரைவ்வேயையும் சேர்த்துத் தள்றது அவர்தானே? நீங்க தள்ளுவீங்களா?"

அழித்தேன். பேச்சுரிமையைக் காக்கிற, அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் சட்டத்திருத்தம் அரசாங்கத்தின் கையைத்தான் கட்டிப்போடுகிறது. வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. 1791ல் அது நடைமுறைக்கு வந்தபோது, அதை வரைந்த ஜேம்ஸ் மேடிசன் பிரம்மச்சாரி. அவருக்குக் கல்யாணம் ஆனது 1794ல். மூன்று வருஷம் பொறுத்திருந்தால் நமக்கு இன்னும் முழுமையான சட்டம் கிடைத்திருக்கும்.

சரி, தேசியப் பிரச்சினைக்குப் போவோம் என்று, ராத்திரி நேரத்துக் காமெடி இங்கே உறங்குகிறது என்று எழுதினேன். வார விடுமுறைக்கு வந்திருந்த அக்கா பையன் தோசையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தான். இங்கே எம்.எஸ். படிக்கிறான். டிசம்பரில் ஊருக்குப் போகிறான். "மாமா, எனக்கு விசா ஸ்டாம்பிங் இருக்கு." 2025 ஜூன் மாதத்திலிருந்து மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் தங்கள் சமூக வலைத்தளக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்று உத்தரவு. "இது என் வீட்டு வாசல்டா, உன் கணக்கா?" என்றேன். "மாமி படம் எடுத்துப் போடுவாங்க. என்னை டேக் பண்ணுவாங்க" என்றான். மாமி மறுக்கவில்லை. அந்தப் பையன் சரவணபவன் காபியைக்கூட ஒரு வருஷமாக விமர்சிப்பதில்லை. இதில் சிரிக்க எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

மிச்சம் இருந்தது கவர்னர் தேர்தல். நியூஜெர்சிக்காரர்கள் ஒற்றைப்படை வருஷத்தில் கவர்னரைத் தேர்ந்தெடுப்பவர்கள். 2025ல் ஹாலோவீன் முடிந்த நாலாம் நாள் ஓட்டு. இடதுபக்க வீட்டு ஜன்னலில் வேட்பாளர் மைக்கி ஷெரிலின் அட்டை, வலதுபக்கம் எதிர்வேட்பாளர் ஜாக் சிட்டரெல்லி. அந்த ஜன்னல் அட்டைக்கும் ஒரு கதை உண்டு. பார்சிப்பனியில் இப்படிப்பட்ட ஒரு குடியிருப்பில் நகரசபைத் தேர்தலுக்கு நின்ற ஒருவர் தன் ஜன்னலில் தன் பெயரை ஒட்டினார். வீடு விற்பனைக்கு என்ற அட்டை தவிர எதுவும் கூடாது என்றது அவருடைய சங்கம். 2012ல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதனால்தான் எங்கள் சங்கமும் ஜன்னலுக்கு ஓர் அட்டை என்று பெருமூச்சோடு அனுமதித்திருக்கிறது. எனக்கும் கட்சி உண்டு. இரண்டு பக்கமும் சுவர் ஒட்டிக்கொண்டிருக்கிற வீட்டில் அதை வெளியே சொன்னால் கறிவேப்பிலைச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?

கடைசியில் கல்லறையில் எழுத ஒன்றும் பாக்கி இல்லை. பெயிண்ட் அடித்த பலகை வீணாகக் கூடாதென்று அப்படியே வெறுமையாக நட்டுவைத்தேன். ஊன்றுகோலோடு வந்து பார்த்த அப்பா, "எக்ஸ்பிரஸ்காரன் பண்ணின மாதிரி இருக்கு" என்று திருப்தியாகத் தலையாட்டினார். கொக்கோ 2024 டிசம்பரில் டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியதிலிருந்து மனைவி மிட்டாய்க் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறாள். பிள்ளைகள் வந்து, ஒன்றே ஒன்று வாங்கிக்கொண்டு, கல்லறையை முறைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் ஷெரில் வீட்டுக்காரர் வந்து கையைக் குலுக்கினார். இவ்வளவு துணிச்சலான அரசியல் கண்டனத்தை இந்தத் தெருவில் பார்த்ததில்லை என்றார். சாயங்காலம் சிட்டரெல்லி வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, அந்தக் கல்லறை யாருக்கு என்று புரிகிறது, தனக்கு வருத்தமில்லை என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் வருத்தம் இருந்தது. பனிக்காலம் வேறு வருகிறது.

இதற்கு நடுவில் சங்கத்திலிருந்து கடிதம். வாசகத்தைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் இல்லை. நான் அடித்த சாம்பல் நிறம் அங்கீகரிக்கப்பட்ட சாம்பல்களின் பட்டியலில் இல்லையாம். விட்டேனா பார் என்று மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதினேன். மேடிசன், வெல்ஸ், பார்சிப்பனி, ஒருவரையும் விடவில்லை. இப்போது மனைவி அதைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். ஒரு பக்கமாகியிருக்கிறது. கடைசியில் 'தங்கள் உண்மையுள்ள' என்பதை மட்டும் அடிக்கவில்லை.