உப்புக்கு ஷாக் அடிக்குமா?

கே: சமையல் உப்பு மின்சாரத்தைக் கடத்துமா, கடத்தாதா? பாடப்புத்தகம் ஒரு பக்கத்தில் ஆம் என்கிறது, அடுத்த பக்கத்தில் இல்லை என்கிறது.

ப: புத்தகத்தின் மேல் தப்பில்லை, நடுவில் தண்ணீர் வந்துவிட்டது. காய்ந்த உப்பில் சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் மின்னூட்டத்தோடுதான் இருக்கின்றன. ஆனால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு இடத்தைவிட்டு அசையாது. தண்ணீரில் போட்டால் பிடி விட்டுப்போகும், கரண்டு பாயும்.

கே: தண்ணீர் இல்லாமல் நடக்காதா?

ப: நடக்கும். 801 டிகிரி செல்சியஸில் உருக்குங்கள். வீட்டு அடுப்பை நம்ப வேண்டாம். 1807-ல் ஹம்ப்ரி டேவி உருகிய காரங்களில் மின்சாரம் செலுத்தித்தான் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார்.

கே: கரைத்தாலே உப்பு அயனிகளாகப் பிரியும் என்று சொன்னது யார்?

ப: ஸ்வீடன்காரர் ஸ்வாந்தே அர்ரேனியஸ். 1884-ல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த ஆய்வேட்டைப் போனால் போகிறதென்று குறைந்த மதிப்பெண்ணில் தேற்றிவிட்டார்கள். 1903-ல் அதே கருத்துக்கு வேதியியல் நோபல் பரிசு. பெற்றோர் கவனிக்க.

கே: அயனி எவ்வளவு வேகமாக ஓடும்?

ப: எங்கே ஓடுகிறது, ஊர்கிறது! சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட் கொடுத்தால் சோடியம் அயனி மணிக்கு இரண்டு சென்டிமீட்டர்கூட நகராது. நத்தையே சிரிக்கும். பிறகு சுவிட்சைப் போட்டதும் கரண்டு எப்படி வருகிறது என்பீர்கள். விரைந்து பாய்வது மின்புலம்தான். அது எல்லா அயனிகளையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தள்ளுகிறது.

கே: கடலுக்கு அடியில் சிக்னல் கிடைக்காதது டவர் இல்லாததாலா?

ப: டவரைக் கடலுக்குள்ளேயே நட்டாலும் கிடைக்காது. ரேடியோ அலை நுழைந்ததும் அயனிகள் அதன் தாளத்துக்கு ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்திலேயே அலையின் ஆற்றல் வெப்பமாகக் கரைந்துபோகும். கரண்டுக்கு வழிவிடும் அதே குணம்தான் அலைக்கு எமன். எஃப்.எம். அலை கடல்நீரில் இரண்டரை சென்டிமீட்டர் இறங்குவதற்குள் அதன் வீச்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதிர்வெண் குறையக் குறைய அலை ஆழமாக இறங்கும். 18 கிலோஹெர்ட்ஸ் அலைக்கு அதே தேய்மானம் வர ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஆகும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளம் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவது இப்படிப்பட்ட மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில்தான். அந்த அலையிலேயே பதில் பேச நீர்மூழ்கியால் முடியாது. அவ்வளவு பெரிய ஆன்டெனாவை யார் சுமப்பது?

கே: திமிங்கலம் மட்டும் பேசிக்கொள்கிறதே?

ப: அது ரேடியோவை நம்பவில்லை. ஒலி கடல்நீரில் நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் போகும், காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். அங்கும் உப்பு சும்மா இருப்பதில்லை. கரைந்திருக்கும் மக்னீசியம் சல்பேட் கீச்சுக் குரலை நன்றாகவே விழுங்கும். பெரிய திமிங்கலங்களின் அடிக்குரல் தப்பிவிடும்.

கே: காய்ந்த உப்பு அலைகளை என்ன செய்யும்?

ப: அகச்சிவப்புக்குக் கதவைத் திறந்தே வைக்கும். கண்ணாடி மறித்துவிடும் அலைகளைக்கூட, ஏறக்குறைய 15 மைக்ரோமீட்டர் வரை, உப்புப் படிகம் உள்ளே விடும். அதனால் ஆய்வுக்கூடங்களில் அகச்சிவப்பு நிறமாலைமானிக்கு உப்பிலேயே ஜன்னல் செய்கிறார்கள். ஈரக் கையோடு தொட்டால் மங்கிப்போகும், திட்டும் விழும்.

கே: வீட்டில் சோதித்துப் பார்க்கலாமா?

ப: தாராளமாக. 9 வோல்ட் பேட்டரி, எல்.இ.டி., ஒரு ரெசிஸ்டர், இரண்டு பென்சில் குச்சி போதும். உப்புத் தண்ணீரில் குமிழி கிளம்பும். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் குளோரின். ஆகவே ஜன்னலைத் திறந்து வையுங்கள், சீக்கிரம் முடியுங்கள், சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட் பக்கம் மட்டும் போகாதீர்கள்.