கார்ன்வாலிஸ் டோல் கட்டவில்லை

1791 பிப்ரவரி. பெங்களூரைப் பிடிக்க, கார்ன்வாலிஸ் தலைமையில் ஆங்கிலேயப் படை கிளம்பியது. ஆம்பூர்ப் பக்கம்தான் வருவார்கள் என்று திப்பு சுல்தான் கணக்குப் போட்டார். கார்ன்வாலிஸ் ஆம்பூருக்குப் போவதுபோலப் போக்குக் காட்டிவிட்டுச் சித்தூருக்குத் திரும்பினார். மொகிலி கணவாயில் பீரங்கிகளை ஏற்றி, பலமனேர், கோலார் வழியாகப் போய்ப் பெங்களூர் வாசலில் நின்றார். மார்ச்சிலேயே கோட்டை விழுந்தது.

பின்னாளில் மதராஸ்–பம்பாய் நெடுஞ்சாலையும் இதே சித்தூர், பலமனேர் வழியாகத்தான் போனது. மாடு நடந்த மலையில் மோட்டார் ஏறியது. தேசிய நெடுஞ்சாலை எண் 4 என்று போர்டு வைத்தார்கள்.

காசு யாருடையது? கேட்பானேன். 1927இல் ஜெயகர் கமிட்டி உட்கார்ந்தது. பெட்ரோலுக்கு கேலனுக்கு 2 அணா கூடுதலாக வாங்கி, ரோட்டுக்கே செலவழிக்கலாம் என்றது. 1929இல் மத்திய சாலை நிதி பிறந்தது. கேலன் என்பது நாலரை லிட்டர். 2018 பட்ஜெட்டிலோ லிட்டருக்கே 8 ரூபாய் சாலை செஸ். பணத்தின் மதிப்பு மாறிவிட்டது என்று பொருளாதாரம் படித்தவர்கள் எழுந்திருப்பார்கள். உட்காருங்கள் ஐயா. பேச்சு அதுவல்ல. வண்டி வாங்கும்போதே சாலை வரி கட்டியாகிவிட்டது. பெட்ரோல் போடும்போது செஸ் கட்டியாகிவிட்டது. பிறகு டோல்கேட் எதற்கு? ஒரே இட்லிக்கு மாவுக்கு ஒரு பில், ஆவிக்கு ஒரு பில், தட்டுக்கு ஒரு பில். எந்த ஓட்டலிலாவது இது நடக்குமா? கல்லாப்பெட்டி கவிழ்ந்திருக்கும்.

வாஜ்பாய் காலத்தில் தங்க நாற்கரம் வந்தது. 5,846 கிலோமீட்டர். சென்னை–பெங்களூர்த் துண்டு வேலூர், ஆம்பூர், கிருஷ்ணகிரி என்று போனது. அதாவது திப்பு எதிர்பார்த்த வழி. சித்தூர் ஓரங்கட்டப்பட்டது. 2010இல் எண்ணையும் பிடுங்கிக்கொண்டார்கள். பலமனேர்ப் பக்கம் 69, ராணிப்பேட்டைப் பக்கம் 40. ரோடு ஓர் அங்குலம் நகரவில்லை. மொகிலியில் லாரிகள் கவிழ்வதும் நிற்கவில்லை. எண்ணை மாற்றினால் ராசி மாறும் என்று யாரோ ஜோசியர் சொல்லியிருக்க வேண்டும்.

2022 மே 26. பெங்களூர்–சென்னை விரைவுச்சாலைக்குப் பிரதமர் சென்னையில் அடிக்கல் நாட்டினார். 262 கிலோமீட்டர். 14,870 கோடி ரூபாய்க்கு மேல். எந்த வழி? பலமனேர், சித்தூர்! திப்பு ஏமாந்த செய்தி டெல்லிக்குப் போய்ச் சேர 231 வருஷம் ஆகியிருக்கிறது. 2024 மார்ச்சில் முடிந்துவிடும் என்றார்கள். 2024 டிசம்பரில் கர்நாடகத் துண்டில் மட்டும் வண்டி ஓட ஆரம்பித்தது. கார்ன்வாலிஸின் பீரங்கியை இழுத்தவை மாடுகள். பாவம், அவற்றுக்கு டெண்டர் தெரியாது.

பக்கத்திலேயே திருமலை இருக்கிறது. 1944 ஏப்ரல் 10 அன்று கவர்னர் ஆர்தர் ஹோப் அங்கே மலைப்பாதையைத் திறந்துவைத்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அந்த ரோட்டில்தான் இன்றும் பக்தர்கள் மலையிறங்குகிறார்கள். போர்க்காலத்தில் மலையிலேயே ரோடு போட முடிந்தது. இப்போது சமாதானக் காலம் அல்லவா, சாவகாசமாகத்தான் நடக்கும்.

வசூலில் மட்டும் சாவகாசம் கிடையாது. மதுரவாயல்–வாலாஜா ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தது. 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே பொறுக்காமல் பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்றது. குழிக்குத் தள்ளுபடி வாங்க நாம் ஹைகோர்ட்டு வரை போக வேண்டியிருக்கிறது. 2022 மார்ச்சில் அமைச்சர் கட்கரி மக்களவையில் எழுந்தார். 60 கிலோமீட்டருக்குள் ஒரே டோல்கேட்தான், மற்றவை 3 மாதத்தில் மூடப்படும் என்றார். மேஜைகள் தட்டப்பட்டிருக்கும். அது எந்த வருஷத்து 3 மாதம் என்றுதான் யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றைச் சத்தமில்லாமல் செய்தார்கள். போட்ட முதல் திரும்பிவிட்டால் 40 சதவீதக் கட்டணம்தான் என்று 2008 விதி சொன்னது. அது ஒன்றுதான் நமக்கு இருந்த ஆறுதல். 2023 அக்டோபரில் விதியைத் திருத்தினார்கள். இனி முழுக் கட்டணம், முடிவே இல்லாமல். கந்துவட்டிக்காரன்கூட அசல் அடைந்ததும் பத்திரத்தைக் கிழித்துவிடுவான்.

சனிக்கிழமை விடியற்காலையில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் திருப்பதிக்குக் கிளம்புகிறது. வழியில் டோல்கேட். பாஸ்டேக்கில் பணம் போய்விட்டதாகப் போன் கத்துகிறது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. போன் மறுபடியும் கத்துகிறது. அலிபிரியில் தேவஸ்தானத்துக்கு ஒரு கட்டணம். மலையேறியதும் கல்யாணகட்டாவில் வரிசையில் உட்கார்ந்து தலையைக் குனிகிறார் குடும்பத் தலைவர். எவ்வளவு என்று பர்ஸைத் தடவுகிறார். மழிப்பவர் சிரிக்கிறார். இங்கே மொட்டை இலவசம்.